நேராக இருந்தால் சுழி, வளைந்தால் 1.63

தில்லியில் தீபாவளி நெருங்கும்போது காற்றுத் தரக் குறியீடும் வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிடும். ஆர்.கே.புரத்தில் எவ்வளவு, ஆனந்த் விஹாரில் எவ்வளவு என்று பார்க்காமல் பெரியவர்கள் வாக்கிங் கிளம்புவதில்லை. 2014-இல் அறிமுகமான இந்தத் தேசியக் குறியீடு எட்டுப் பொருள்களைக் கணக்கில் எடுக்கிறது. அவற்றில் மூன்று துகள் சமாச்சாரம்: பி.எம். 10, பி.எம். 2.5 (முறையே 10, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள்), ஈயம். மற்ற ஐந்தும் வாயுக்கள்: நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா.

இந்த ஐந்து பெயர்களையும் வேதியியல் கண்ணோடு பார்த்தால் ஒன்று தட்டுப்படும். ஐந்துமே முனைவுள்ள மூலக்கூறுகள். அதாவது ஒரு பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமை, இன்னொரு பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமை. உலர்ந்த காற்றில் 99 சதவீதத்துக்கும் மேல் இருக்கிற நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் மூன்றும் முனைவற்றவை. கார்பன் டை ஆக்சைடும் முனைவற்றதுதான். பட்டியல் போட்டவர்கள் முனைவைப் பார்த்துப் போடவில்லை, உடலுக்கு என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் போட்டார்கள். ஆனாலும் இந்த ஐந்தில் எது மூக்கோடு நிற்கும், எது நுரையீரலின் அடிவரை போகும் என்பதில் முனைவுக்கு நிறையப் பங்கு இருக்கிறது. அதற்கு முன், முனைவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பங்கிட்டுக்கொள்வதுதான் சகப்பிணைப்பு. பங்கீடு எப்போதும் நியாயமாக நடக்காது. எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன் அணுவுக்கு அணு மாறும். லைனஸ் பாலிங் 1932-இல் இதற்கு ஓர் அளவுகோல் போட்டார். இன்று புத்தகங்களில் உள்ள எண்கள்படி ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, நைட்ரஜன் 3.04, ஆக்சிஜன் 3.44, ஃபுளோரின் 3.98. வித்தியாசம் கூடக்கூட எலக்ட்ரான் முகில் வலுவான அணுவின் பக்கம் சாயும். அந்தச் சாய்வை அளக்கும் அலகுக்குப் பீட்டர் டிபையின் பெயர். 1936-இல் வேதியியல் நோபல் வாங்கியவர்.

ஒரு முழு எலக்ட்ரான் அளவு மின்சுமையை ஓர் ஆங்ஸ்ட்ரம் (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) தூரம் பிரித்து வைத்தால் 4.8 டிபை வரும். ஹைட்ரஜன் குளோரைடில் இரண்டு அணுக்களுக்கும் இடையே 1.27 ஆங்ஸ்ட்ரம். எலக்ட்ரான் முழுசாகக் குளோரினிடம் போய்விட்டால் 6.1 டிபை இருக்க வேண்டும். அளந்தால் 1.08தான் கிடைக்கிறது. ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஆக, குளோரின் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளவில்லை, தன் பக்கம் சற்றே நகர்த்தி வைத்திருக்கிறது.

இரண்டே அணுக்கள் என்றால் பெரும்பாலும் கதை இவ்வளவுதான். மூன்றாவது அணு வந்ததும் திசை என்ற விஷயம் உள்ளே நுழைகிறது. பிணைப்பு முனைவுக்கு அளவு மட்டுமல்ல, திசையும் உண்டு. மூலக்கூறின் மொத்த முனைவு என்பது அந்தத் திசைகளையும் சேர்த்துக் கூட்டிய விடை. மயூர் விஹாரில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். "ஆக்சிஜனுக்கும் கார்பனுக்கும் வித்தியாசம் 0.89 இருக்கே சார், அப்புறம் கார்பன் டை ஆக்சைடு எப்படி முனைவில்லாம போகும்?" நல்ல கேள்வி. அதிலுள்ள இரண்டு பிணைப்புகளுமே நன்றாக முனைவுற்றவை, மூலக்கூறுதான் முனைவற்றது.

தேருக்கு இரண்டு வடம் கட்டுகிறோம் என்று வையுங்கள். இரண்டையும் முன்பக்கமாகச் சற்று விரித்துப் பிடித்து இழுத்தால் தேர் நடுவே நகரும். ஒரு வடத்தை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் கட்டிச் சம பலத்தோடு இழுத்தால் எவ்வளவு ஆள் சேர்ந்தாலும் தேர் நிலையிலேயே நிற்கும். கார்பன் டை ஆக்சைடு இரண்டாவது வகை. ஆக்சிஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் ஒரே நேர்கோட்டில், 180 டிகிரியில். இருபுறமும் சமமான இழுப்பு, கூட்டினால் சுழி.

சல்ஃபர் டை ஆக்சைடு காகிதத்தில் அதே மாதிரிதான் தெரியும். நடுவில் ஓர் அணு, பக்கத்துக்கு ஓர் ஆக்சிஜன். ஆனால் இது நேராக இல்லை, சுமார் 119 டிகிரியில் வளைந்திருக்கிறது. இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து இழுப்பதால் மிச்சம் 1.63 டிபை. இந்த வளைவின் விளைவைத் தண்ணீரில் பார்க்கலாம். 25 டிகிரி வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஒன்றரை கிராம் அளவுக்குக் கரையும். சல்ஃபர் டை ஆக்சைடு 90 கிராமுக்கு மேல் கரையும். இதில் முழுப் பெருமையையும் முனைவுக்கே கொடுத்துவிட முடியாது. சல்ஃபர் டை ஆக்சைடு பெரிய மூலக்கூறு, தண்ணீரோடு ஓரளவு வினையும் புரியும். இருந்தாலும் வளைவு இல்லாமல் இந்த அறுபது மடங்கு வந்திருக்காது.

சரி, ஒன்று ஏன் நேராக நிற்கிறது, இன்னொன்று ஏன் வளைகிறது? நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்தவரை தள்ளி நிற்கப் பார்க்கும் என்பதுதான் விடை. சிட்ஜ்விக்கும் பவலும் 1940-இல் இந்த யோசனையைச் சொன்னார்கள். கில்லெஸ்பியும் நைஹோமும் 1957-இல் அதை ஒழுங்குபடுத்தி வகுப்பறைக்கு ஏற்ற வடிவம் கொடுத்தார்கள். இதில் உயிர்நாடி, பிணைப்பில் கலந்துகொள்ளாத தனித்த எலக்ட்ரான் இரட்டை. அது ஒரே ஓர் அணுக்கருவின் பிடியில் இருப்பதால் அகலமாகப் பரவி இடத்தை அடைத்துக்கொள்ளும், பிணைப்புகளை ஒதுக்கித் தள்ளும். கார்பன் டை ஆக்சைடின் கார்பனிடம் தனித்த இரட்டை கிடையாது. சல்ஃபர் டை ஆக்சைடின் சல்ஃபரிடம் ஒன்று உண்டு. வளைவுக்கு அது போதும்.

நைட்ரஜன் டை ஆக்சைடு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரம். அதன் நைட்ரஜனிடம் முழு இரட்டை இல்லை, ஒற்றை எலக்ட்ரான்தான் இருக்கிறது. பாதி ஆள் பாதிதான் தள்ளுவான், அதனால் கோணம் 134 டிகிரிக்கு விரிந்துவிடுகிறது. அந்த ஒற்றை எலக்ட்ரானையும் எடுத்துவிட்டால் கிடைக்கும் நேரயனி 180 டிகிரியில் நேராகிவிடும். இன்னொரு எலக்ட்ரான் சேர்த்து இரட்டையாக்கினால் வரும் நைட்ரைட் அயனி சுமார் 115 டிகிரிக்கு மடங்கும். ஒரு எலக்ட்ரானைக் கூட்டிக் குறைத்தாலே கோணம் இப்படி ஏறி இறங்குவதைவிடத் தனித்த எலக்ட்ரான்களின் வேலைக்கு நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இந்த வாயுவின் முனைவு 0.32 டிபை. விரிந்த கோணம் ஒரு காரணம், நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இழுவையில் பெரிய வித்தியாசம் இல்லாதது இன்னொன்று.

இன்னொரு மூவரையும் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1998-இல் போட்ட உத்தரவால் தில்லிப் பேருந்துகள் மாறிய சி.என்.ஜி. என்னும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு, பெரும்பகுதி மீத்தேன். அதன் மூலக்கூறு எடை 16. குளிர்காலத்தில் யமுனையில் ஏறி, வஜீராபாத் சுத்திகரிப்பு நிலையத்தைத் திணறடித்துக் குழாய்த் தண்ணீருக்கு வேட்டு வைக்கிற அம்மோனியா 17. தண்ணீர் 18. மூன்றிலும் மொத்தம் பத்துப் பத்து எலக்ட்ரான்கள்தான். மூன்றிலும் நடு அணுவைச் சுற்றி நான்கு இரட்டைகள், நான்முகியின் (நான்கு முக்கோணப் பக்கங்கள் கொண்ட உருவத்தின்) நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன. வித்தியாசம் அந்த நான்கில் எத்தனை தனித்தவை என்பதில்தான். மீத்தேனில் ஒன்றுமில்லை, அம்மோனியாவில் ஒன்று, தண்ணீரில் இரண்டு. பிணைப்புக் கோணம் 109.5, சுமார் 107, 104.5 என்று இறங்குகிறது. முனைவு சுழி, 1.47, 1.85 என்று ஏறுகிறது. கொதிநிலையோ மைனஸ் 161, மைனஸ் 33, பிளஸ் 100. இந்தக் கடைசித் தாவலில் ஹைட்ரஜன் பிணைப்புக்குத்தான், அதாவது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறின் தனித்த இரட்டை ஈர்த்துப் பிடிப்பதற்குத்தான், பெரும்பங்கு. ஆனால் அந்தப் பிணைப்புக்கு வேண்டிய மின்சுமை பெற்ற ஹைட்ரஜனும் அதை ஏற்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தனித்த இரட்டையும் இதே அமைப்பிலிருந்துதான் வருகின்றன.

தண்ணீருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கும் சுமார் 1.5 டிபை என்று எடுத்துக்கொண்டால், இரண்டும் எதிரெதிராக இருந்தால் சுழி, ஒரே திசையில் என்றால் 3. உண்மைக் கோணமான 104.5 டிகிரிக்கு 1.85 வரும். அளந்த மதிப்பும் அதுவே. அழகாகப் பொருந்துகிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. அந்த 1.5 என்ற எண்ணே அளந்த மதிப்பிலிருந்து பின்னோக்கிப் பிரித்து எடுத்தது, தனித்த இரட்டைகளின் பங்கும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அப்படி ஒளிந்திருப்பது வெளிப்படும் இடம் நைட்ரஜன் ட்ரைஃபுளோரைடு. அம்மோனியா மாதிரியே கூம்பு வடிவம், தலையில் ஒரு தனித்த இரட்டை. நைட்ரஜனுக்கும் ஃபுளோரினுக்கும் உள்ள இழுவை வித்தியாசம் 0.94, நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ளது 0.84. அதனால் இதன் முனைவு அம்மோனியாவைவிடக் கூடுதலாக இருக்கும் என்று பதில் எழுதுகிறவர்கள் அதிகம். அளந்தால் வெறும் 0.23 டிபை. அம்மோனியாவில் நைட்ரஜன் மூன்று ஹைட்ரஜன்களிடமிருந்தும் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது, தனித்த இரட்டையும் அதே திசையில் மேல்நோக்கி நிற்கிறது. இரண்டும் கூடுகின்றன. ஃபுளோரின் இருக்கும் மூலக்கூறில் மூன்று ஃபுளோரின்களும் கீழே இழுக்கின்றன, தனித்த இரட்டை மேலே நிற்கிறது. இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துபோகின்றன. தேர்வில் ஆண்டுக்காண்டு திரும்ப வரும் கேள்வி இது, வர வேண்டிய கேள்வியும்கூட.

ஓசோன் இன்னொரு பாடப்புத்தக நம்பிக்கையை உடைக்கிறது. வேறுவேறு அணுக்கள் இருந்தால்தான் முனைவு வரும் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஓசோனில் இருப்பது மூன்றுமே ஆக்சிஜன். இருந்தும் அதற்கு 0.53 டிபை உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் நடு ஆக்சிஜனின் நிலைமையும் ஓரத்து ஆக்சிஜன்களின் நிலைமையும் ஒன்றல்ல. நடுவில் இருப்பது பிணைப்புக்கு அதிக எலக்ட்ரான் கொடுத்துச் சற்று நேர்மின்சுமையோடு நிற்கிறது, ஓரத்தில் உள்ளவை எதிர்மின்சுமையைப் பிரித்துக்கொள்கின்றன. கோணம் 117 டிகிரி அளவுக்கு வளைந்திருப்பதால் அது கழிந்துபோவதும் இல்லை. தனிமங்கள் முனைவற்றவை என்று எழுதி வைத்திருக்கும் நோட்டில் ஓசோன் தவிர என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தில் மிச்சம் கார்பன் மோனாக்சைடு. என்னைக் கேட்டால் பட்டியலிலேயே சுவாரசியமானது இதுதான். இரண்டே அணுக்கள், எனவே வளைவுக்கு இடமில்லை. இழுவை வித்தியாசம் 0.89. ஒப்பிட, புதுப் பிளைவுட் அலமாரியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்க வைக்கும் ஃபார்மால்டிஹைடில் அதே கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு இருக்கிறது, அதன் முனைவு 2.33 டிபை. கார்பன் மோனாக்சைடுக்கோ 0.11தான். அதைவிட வேடிக்கை, சாய்வு தலைகீழ். எதிர்மின்சுமை இருக்கும் முனை கார்பன்! இழுவைக் கணக்கு ஆக்சிஜனைக் கைகாட்டுகிறது, அளவீடு கார்பனைக் கைகாட்டுகிறது. இங்கே இருப்பது முப்பிணைப்பு, அதாவது மூன்று எலக்ட்ரான் இரட்டைகளின் பங்கீடு. அதில் ஓர் இரட்டையை முழுக்க ஆக்சிஜனே கொடுக்கிறது. போதாததற்குக் கார்பனிடம் ஒரு தனித்த இரட்டை, ஆக்சிஜனுக்கு எதிர்த்திசையில் வெளிநோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. இவை சேர்ந்து ஆக்சிஜனின் இழுப்பை ஈடுகட்டி, கொஞ்சம் மிஞ்சியும் விடுகின்றன.

இப்போது ஐந்தையும் முனைவின் வரிசையில் நிறுத்தலாம். சல்ஃபர் டை ஆக்சைடு 1.63, அம்மோனியா 1.47, ஓசோன் 0.53, நைட்ரஜன் டை ஆக்சைடு 0.32, கார்பன் மோனாக்சைடு 0.11. மூக்கிலிருந்து நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை வழி முழுவதும் ஈரமான சவ்வு. தண்ணீரில் நன்றாகக் கரையும் வாயு முதல் ஈரத்திலேயே பிடிபட்டுவிடும். சல்ஃபர் டை ஆக்சைடும் அம்மோனியாவும் கண், மூக்கு, தொண்டையை எரிப்பதும், ஒரு வகையில் அங்கேயே நம்மை எச்சரிப்பதும் அதனால்தான். ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அவ்வளவு எளிதில் கரையாததால் மேல்வழியில் நிற்காமல் சின்ன மூச்சுக் கிளைகள் வரை போய்ச் சேரும். தொண்டையில் பெரிதாக எதுவும் தெரியாமலே ஆழத்தில் வேலையைக் காட்டக் கூடியவை. கார்பன் மோனாக்சைடு லிட்டருக்குச் சுமார் 27 மில்லிகிராம்தான் கரையும், மணம் கிடையாது, எரிச்சலும் கிடையாது. நுண்ணறையைத் தாண்டி ரத்தத்துக்குள் நுழைந்து, ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவது கார்பன் முனையால், அந்த வெளிநோக்கி நீட்டிய தனித்த இரட்டையால். குளிருக்கு அங்கீட்டி (கரியடுப்பு) மூட்டி, ஜன்னலை அடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி இங்கே குளிர்காலம்தோறும் வரும். மூக்கின் ஈரத்தோடு பெரிதாக எந்த உறவும் வைத்துக்கொள்ளாத அந்த வாயு, மூக்கை எச்சரிப்பதும் இல்லை.

வரிசை இவ்வளவு ஒழுங்காக அமைந்ததால் இதை விதியாக்கிவிடத் தோன்றும். வேண்டாம். அம்மோனியாவின் முனைவு எண் சல்ஃபர் டை ஆக்சைடைவிடக் குறைவு, ஆனால் கரைவது பல மடங்கு அதிகம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிலோவை நெருங்கும். தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போடும் வசதி அதற்கு உண்டு. நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் செய்யும் கேட்டுக்கு முனைவைவிட அவற்றின் வினைபுரியும் குணமே நேரடிக் காரணம். எந்த வாயு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு முனைவு நல்ல துப்பு, தீர்ப்பு அல்ல.

யமுனை அம்மோனியாவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்திய குடிநீர்த் தரத்தில் அம்மோனியாவுக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று வரம்பு. ஆற்று நீரின் கார அமிலநிலையில் (pH) அம்மோனியாவின் பெரும்பகுதி, தன் தனித்த இரட்டையை ஒரு புரோட்டானுக்குக் கொடுத்து அம்மோனியம் அயனியாகிவிடும். அந்த அயனியின் உருவம் மீத்தேன் மாதிரியே பிசகில்லாத நான்முகி. இருமுனை (அதாவது முனைவு) சுழி. மீத்தேன் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 22 மில்லிகிராம்தான் கரைகிறது, அம்மோனியம் மட்டும் எப்படித் தண்ணீரைவிட்டு வெளியே வர மாட்டேன் என்கிறது? இருமுனை இல்லாவிட்டாலும் அதற்கு முழு நேர்மின்சுமை உண்டு, தண்ணீரின் எதிர்மின்சுமை முனைகள் அதைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. இதே புரோட்டான் ஏற்பு காற்றிலும் நடக்கிறது. சல்ஃபர், நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து பிறக்கும் அமிலங்களோடு அம்மோனியா சேர்ந்து அம்மோனியம் சல்ஃபேட், அம்மோனியம் நைட்ரேட் உப்புகளாகிறது. தில்லியின் குளிர்காலப் பி.எம். 2.5-இல் இவையும் சேர்த்தி. மூன்று முனைவுள்ள வாயுக்கள் சேர்ந்து துகளாகிவிடுகின்றன.

வீட்டுக்குள் ஓர் உதாரணம் வேண்டுமென்றால், அக்டோபரில் டிரங்குப் பெட்டியிலிருந்து ரஜாய் (பஞ்சுப் போர்வை) எடுக்கும்போது உருளும் பாச்சை உருண்டை. அதில் ஒருவகை பாரா டைகுளோரோபென்சீன். பென்சீன் வளையத்தில் இரண்டு குளோரின்கள் நேரெதிரே இருப்பதால் முனைவு சுழி. அதே இரண்டு குளோரின்களை அடுத்தடுத்து வைத்தால் ஆர்த்தோ வகை, 2.5 டிபை. முனைவுள்ளதுதான் கெட்டியாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம். ஆர்த்தோ அறை வெப்பநிலையில் திரவம், பாரா 53 டிகிரி வரை திடப்பொருள். சமச்சீரான மூலக்கூறுகள் படிகத்தில் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். உருவம் முனைவு வழியாக மட்டும் வேலை செய்வதில்லை.

கார்பன் டை ஆக்சைடை முனைவற்றது என்று இதுவரை சொன்னதற்கும் ஒரு திருத்தம் தேவை. சுழி என்பது அது அசையாமல் நேராக நிற்கும் நிலைக்கு. மூலக்கூறுகள் சும்மா நிற்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கும். கார்பன் டை ஆக்சைடு வளைந்து நிமிரும்போது ஒரு கணம் முனைவு தோன்றி மறையும். 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்து அகச்சிவப்புக் கதிர் அந்த அசைவைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சப்படும். பூமியின் வெப்பத்தை இந்த வாயு தடுத்து நிறுத்துவது இப்படித்தான். நைட்ரஜனும் ஆக்சிஜனும் எவ்வளவு அதிர்ந்தாலும் இரு முனையும் ஒன்றே என்பதால் முனைவு பிறக்காது, அந்த வெப்பம் அவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். கார்பன் மோனாக்சைடின் நிலையான முனைவு சொற்பம்தான், ஆனால் நீண்டு சுருங்கும்போது அது வேகமாக மாறும். அதனால்தான் காற்றுக் கண்காணிப்பு நிலையங்களில் அதை அளக்க 4.6 மைக்ரோமீட்டர் பகுதி அகச்சிவப்பையே பயன்படுத்துகிறார்கள்.

கார்பன் டை ஆக்சைடின் இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே சமயத்தில் விலகி ஒரே சமயத்தில் நெருங்கும் அசைவு ஒன்று உண்டு. அதில் சமச்சீர் ஒரு கணமும் குலைவதில்லை, எனவே அகச்சிவப்புக்கு அது தெரியாது. சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறலுக்கு அது நன்றாகவே தெரியும். ஏனென்றால் அங்கே ஒளி கவனிப்பது இருமுனையை அல்ல, எலக்ட்ரான் முகில் எவ்வளவு எளிதில் நெளிந்துகொடுக்கிறது என்பதை.